நெட் மெதுவாக இருக்கிறதா? பணம் கட்டும் முன் சோதித்துப் பாருங்கள்



போன மாதம் நம் கூட்டமைப்பு அலுவலகத்தில் கடன் விண்ணப்பம் பதிவு செய்ய வந்த உறுப்பினர்கள் சாயங்காலம் வரை காத்துக் கிடந்தார்கள். நெட் சுற்றிக்கொண்டே இருந்தது. அவர்களுக்கு ஒரு நாள் கூலி போச்சு. "மாசாமாசம் கூடக் கட்டி பெரிய பிளான் போட்டுடலாம்" என்று செயற்குழுவில் பேச்சு வந்தது. நானும் முதலில் தலையாட்டினேன். ஆனால் அது நம் குழுக்களின் சந்தாப் பணம் ஆச்சே! சோதித்துப் பார்த்துவிட்டு முடிவெடுப்போம் என்றோம்.

லேப்டாப்பை ரவுட்டரில் வயர் போட்டு நேராக இணைத்து வேகம் பார்த்தோம். நாம் பணம் கட்டுவது 100 எம்.பி.பி.எஸ். வேகத்துக்கு, 94 வந்தது. உள் அறையில் வை-ஃபையில் பார்த்தால் 8 தான்! டேங்க் நிறைய தண்ணீர் இருந்தும் குழாய் அடைத்திருந்தால் குடம் நிறையுமா? அந்தக் கதைதான். பெரிய பிளான் போட்டிருந்தாலும் பலன் இருந்திருக்காது.

கவனிக்க வேண்டியவை:

1. ரவுட்டர் வைக்கும் இடம்: எங்களுடையது இரும்பு பீரோவுக்குப் பின்னால் இருந்தது. இரும்பும் கனத்த சுவரும் சிக்னலைத் தடுக்கும். நடு இடத்தில், உயரத்தில் வையுங்கள்.

2. வயர்: இடம் மாறாத கம்ப்யூட்டருக்கு வை-ஃபையைவிட வயரே நல்லது. கேபிள் மேல் 'கேட் 5இ' அல்லது 'கேட் 6' என்று அச்சிட்டிருக்கும். 100 மீட்டர் நீளம் வரை போடலாம்.

3. சுவிட்ச்: இது வயரைப் பல கம்ப்யூட்டருக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. பழைய பெட்டிகள் பல 100 வரைதான் தரும். பிளான் அதற்கு மேல் இருந்தால் மட்டும் 'கிகாபிட்' பெட்டி வாங்குங்கள்.

4. புது ரவுட்டர்: வாங்கியே ஆக வேண்டுமென்றால் 'டூயல் பேண்ட்' கேளுங்கள். அதில் 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவர் தாண்டினால் பலம் குறையும்.

நேராக வயர் போட்டும் வேகம் வரவில்லையா? அப்போது கோளாறு வெளி லைனில் இருக்கலாம். புது ரவுட்டர் வாங்காமல், முதலில் கம்பெனியிடம் புகார் கொடுங்கள்.

நாங்கள் ரவுட்டரை இடம் மாற்றி, இரண்டு கம்ப்யூட்டருக்கும் வயர் போட்டோம். செலவு கேபிளுக்கு மட்டும்தான். இந்த மாதம் வந்தவர்கள் மதியத்துக்குள் வீடு திரும்பினார்கள்.

உங்கள் பஞ்சாயத்துக் கூட்டமைப்பிலும் யாராவது "புதுசு வாங்கலாம்" என்றால், தீர்மானம் எழுதும் முன் கேளுங்க: "வயர் போட்டுப் பார்த்தீங்களா?"