ஊரைத் தைத்து நூலகம் வளர்ப்பவர்கள்

ஒரு போர்வை எப்படி நூலகத்துக்குக் காசு கொண்டுவரும் என்பதை ஆற அமரத்தான் சொல்லவேண்டும்.

அமெரிக்கச் சிற்றூர்களில் இது வழிவழியாக நடப்பது. ஊர்க்காரர்கள் கூடி, ஆளுக்கொரு சதுரத் துணியில் ஊரின் ஒரு காட்சியைத் தைக்கிறார்கள்: பழைய மாவு ஆலை, கூரை போட்ட மரப்பாலம், ஒரே அறையில் நடந்த பள்ளிக்கூடம், இப்போது ரயில் வராத ரயில் நிலையம். சதுரம் பெரும்பாலும் 12 அங்குலம். சுவரும் கூரையும் வெட்டி வைத்துத் தைத்த துணி; ஜன்னல், கொடிக்கம்பம் போன்ற நுணுக்கங்களுக்கு நூல் வேலை. சதுரங்களை இணைத்தால் மேல்துணி தயார். அதற்கடியில் பஞ்சு விரிப்பு, அதற்கும் அடியில் ஒரு முழுத்துணி. மூன்றும் நழுவாமல் இருக்க, மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, சுற்றி உட்கார்ந்து, மூன்றையும் ஊடுருவிச் சின்னச் சின்ன ஓட்டுத்தையல் போடுவார்கள். இதைத்தான் குவில்ட் என்கிறார்கள்.

சட்டத்தைச் சுற்றி ஆறேழு பேர் உட்கார்ந்தால் தையலோடு பேச்சும் ஓடும். ஆலை எரிந்தது எந்த வருஷம் என்று ஒருவர் கேட்பார். ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுப்பார். பழைய போட்டோவைத் தேடி யாராவது வீட்டுக்குப் போவார்கள். ஊர் வரலாற்றுக் குவில்டின் பாதி மதிப்பு அந்தப் பேச்சில்தான் இருக்கிறது என்பேன்.

இனி காசு வந்த கதை. துணியில் பெயர் எழுதும் மோகம் அங்கே 1840களில் பரவியது. அதற்கு முந்தைய மையில் இரும்பு கலந்திருந்ததால் எழுதிய இடத்தில் துணி இற்றுப்போகும். துணியைத் தின்னாத, துவைத்தாலும் போகாத மை கடைக்கு வந்ததும், நண்பர்களும் உறவினரும் கையெழுத்திட்ட சதுரங்களைக் கோத்து, தூரதேசம் குடிபெயர்பவருக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். நூற்றாண்டின் கடைசியில் இதுவே நிதி திரட்டும் வழியானது. பத்து சென்ட் கொடுத்தால் உங்கள் பெயரைச் சாயம் போகாத சிவப்பு நூலில் பின்னித் தருவார்கள். நடுச் சதுரத்தில் பெயர் வேண்டுமென்றால் கூடுதல் காசு. நம் கோயில் படிக்கல்லில் உபயதாரர் பெயர் வெட்டுவது போலத்தான். எல்லாப் பெயரும் ஏறிய பிறகு, போர்வையையே ஏலம் விட்டு இரண்டாவது முறையும் காசு பார்ப்பார்கள். 1917 டிசம்பரில் ‘மாடர்ன் பிரிசில்லா’ என்ற பெண்கள் இதழ், ஒரு குவில்டால் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு 1,000 டாலர் சேர்க்கலாம் என்று மாதிரியோடு வழி சொன்னது.

காசுக்காக ஏற்றிய அந்தப் பெயர்கள் பிறகு ஆவணமாகிவிட்டன. 1840 வரை அமெரிக்கக் குடிக்கணக்கில் குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே எழுதப்பட்டது. மனைவியும் மகள்களும் வெறும் எண்ணிக்கை. 1890ஆம் ஆண்டுக் கணக்கேடுகளோ, 1921இல் வாஷிங்டனில் பிடித்த தீயாலும் அதன் பின்விளைவுகளாலும் பெரும்பாலும் அழிந்தன. அந்த வருடங்களில் ஓர் ஊரில் எந்தெந்தப் பெண்கள் இருந்தார்கள் என்று தேடுபவருக்கு, ஒரு தேவாலயக் குவில்ட் கிடைத்தால் பெரும் பாக்கியம்.

கட்டடங்களையும் காட்சிகளையும் தைக்கும் வழக்கம் பிற்காலத்தில் சூடுபிடித்தது. ஹட்சன் நதி பாழாவதைக் கண்டு மனம் பொறுக்காத கரையோரப் பெண்கள், 1969 முதல் 1972 வரை உழைத்து நதிக் காட்சிகளாலேயே ஒரு குவில்ட் செய்தார்கள். 1976இல் நாட்டின் இருநூறாவது ஆண்டு வந்தபோது ஊருக்கு ஊர் தன் வரலாற்றைத் தைக்கத் தொடங்கியது. அவற்றில் பல இன்றும் நூலகச் சுவர்களில் தொங்குகின்றன.

நூலகத்துக்கு ஏன் பணமுடை? வரிப்பணத்தில் இலவச நூலகம் என்ற ஏற்பாட்டை 1833இலேயே தொடங்கிய ஊர் நியூ ஹாம்ப்ஷயரின் பீட்டர்பரோ. இன்றும் அந்நாட்டு நூலகங்களின் பெரும்பகுதிச் செலவு உள்ளூர் வரியில்தான் நடக்கிறது. நம் தமிழ்நாட்டில் 1948ஆம் ஆண்டு நூலகச் சட்டத்தின் வழியே சொத்து வரியோடு நூலக வரி தானாக வந்துவிடுகிறது. அங்கே பல ஊர்களில் ஆண்டுதோறும் ஊர்க்கூட்டம் கைதூக்கினால்தான் தொகை. அக்காலக் கோடீஸ்வரர் ஆண்ட்ரூ கார்னகி கட்டிக்கொடுத்த நூலகங்களுக்கும் நிலம் ஊருடையதாக இருந்தது. கட்டடத் தொகையில் ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கு ஒதுக்குவதாக ஊர் உறுதி தரவேண்டியிருந்தது. சம்பளம், விளக்கு, விறகு போக, புத்தகத்துக்குப் பணம் தேடியவர்கள் பெரும்பாலும் பெண்கள் சங்கத்தார்.

பணம் வரும் வழிகளில் ஏலத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். வசதியுள்ள ஒருவர் வாங்கிப்போவார். ஊரின் கதை அவர் வீட்டுப் படுக்கையறைக்குப் போய்விடும். செலவான உழைப்புக்கு ஈடான விலையும் கிடைப்பது அரிது. குலுக்கல் சீட்டு இதைவிட மேல், ஒரு டாலருக்குப் பள்ளிப் பிள்ளையும் சீட்டு வாங்கலாம். ஆனால் பல மாநிலங்களில் அதற்கு அனுமதி வேண்டும், கடைசியில் போர்வையும் ஒருவர் கைக்குத்தான் போகும். சதுரத்துக்கு ஒரு குடும்பமோ கடையோ நன்கொடை தந்து பொறுப்பேற்பது, படங்களை வாழ்த்து அட்டையாகவும் நாட்காட்டியாகவும் விற்பது, போர்வையை நூலகத்திலேயே வைத்துக்கொள்வது: இதுதான் எல்லாவற்றிலும் நல்ல வழி. பணம் மெதுவாக வரும், ஆனால் வந்துகொண்டே இருக்கும்.

தொங்கவிடுவதிலும் கவனம் வேண்டும். பின்பக்க மேல்விளிம்பு முழுக்க ஒரு துணிக்குழாய் தைத்து, அதற்குள் கம்பு செருகினால் எடை பரவும். நான்கு மூலையில் ஆணி அடித்தால் நாளடைவில் கிழியும். வெயில் படும் சுவர் கூடவே கூடாது.

ஒரு குறையையும் சொல்லவேண்டும். இந்தக் குவில்ட்களில் மணிக்கூண்டும் நீதிமன்றமும் தவறாமல் வரும். ஆலைத் தொழிலாளர் குடியிருப்பு, கறுப்பினப் பிள்ளைகளைத் தனியாக ஒதுக்கிவைத்த பள்ளி, அந்த நிலத்தில் முன்பு வாழ்ந்த பழங்குடிகள் எளிதில் விட்டுப்போகும். கூடித் தைப்பவர்கள் யாரோ அவர்கள் கண்ட ஊர்தான் துணியில் ஏறும். ஆகவே முதல் ஊசி கோப்பதற்கு முன்பே, யாரைக் கூப்பிடவில்லை என்று கேட்டுவிடவேண்டும்.

1981இல் கென்டக்கியில் தொடங்கி மாநிலம் மாநிலமாக வீட்டுப் போர்வைகளைப் பதிவு செய்தபோது, அடிக்கடி கண்ட குறை இன்னொன்று: தைத்தவர் யார் என்றே தெரியவில்லை. நீங்கள் எந்த ஊரில் எதைக் கூடித் தைத்தாலும் சரி, பின்பக்கத்தில் ஒரு துணித்துண்டு வைத்து ஊர், ஆண்டு, ஒவ்வொரு சதுரத்தையும் தைத்தவரின் பெயர் மூன்றையும் அழியாத மையில் எழுதிவிடுங்கள்.