எந்த வேடம் கட்டுவது?

நம் சங்கத்துக் குடும்பங்களில் பிள்ளைகள் பள்ளி விட்டு வந்ததும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, முகம் தெரியாத நாலு பேருடன் சேர்ந்து பூதங்களோடு சண்டை போடுவது இப்போது சர்வசாதாரணம். "சாப்பிட வா" என்று அம்மா கூப்பிட்டால், "நான் ஹீலர், இப்போ எழும்ப முடியாது" என்று பதில் வருகிறது. அந்தப் பதிலுக்கு என்ன அர்த்தம் என்பதைப் பெற்றோருக்கும், புதிதாக ஆட வரும் பிள்ளைகளுக்கும் எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். நானும் சில ஆண்டுகளாக இந்த விளையாட்டுகளை ஆடி வருபவன்தான்.

இவ்வகை விளையாட்டில் நுழைந்ததும் ஒரு பாத்திரத்தை உருவாக்க வேண்டும். முகத்தையும் உடையையும் எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். முக்கியமான தேர்வு வேறு. போர்வீரனா, மந்திரவாதியா, பூசாரியா, வேட்டைக்காரனா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதை 'கிளாஸ்' என்கிறார்கள். பள்ளிக்கூட வகுப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கூத்தில் வேடம் கட்டுவதைப் போன்றது இது. ஆகவே வேடம் என்றே சொல்லிவிடுகிறேன்.

இதன் தொடக்கம் கம்ப்யூட்டரில் அல்ல. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். காகிதம், பென்சில், பகடை இவ்வளவுதான் தேவை. அதில் போர்வீரன், மந்திரவாதி, சமயகுரு என்று மூன்றே வேடங்கள். அடுத்த ஆண்டு திருடனும் வந்து சேர்ந்தான். 2004இல் வெளிவந்து இன்றும் ஆடப்படும் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' ஒன்பது வேடங்களுடன் தொடங்கியது. 2022இல் அது பதிமூன்று ஆயிற்று.

பதிமூன்று என்றதும் மலைக்க வேண்டாம். எல்லாம் மூன்று வேலைகளில் அடங்கும். முன்னே நின்று எதிரியின் அடியைத் தன்மேல் வாங்கிக்கொள்பவர் ஒருவர். இவரை 'டாங்க்' என்பார்கள். அடிபட்டவர்களின் உயிர் குறையும்போதெல்லாம் ஏற்றிவிடுபவர் 'ஹீலர்', அதாவது வைத்தியர். எதிரியை அடித்து வீழ்த்துபவர்கள் மற்றவர்கள். வார்கிராஃப்டில் ஒரு குகைக்குள் போகும் குழுவில் ஐந்து பேர்: டாங்க் ஒருவர், வைத்தியர் ஒருவர், அடிப்பவர்கள் மூவர். இதில் ஒருவர் கைவிட்டாலும் ஐந்து பேரும் விழவேண்டியதுதான்.

எங்கள் பொழியூர் கடற்கரையில் கரமடி இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். கயிற்றின் ஒரு முனையைக் கரையில் விட்டுவிட்டு, வள்ளத்தில் போய் வலையைக் கடலில் வளைத்துப் போட்டு, மறுமுனையைக் கொஞ்சம் தள்ளிக் கரைக்குக் கொண்டுவருவார்கள். பிறகு இரண்டு வரிசையாக நின்று ஆட்கள் இழுப்பார்கள். ஒரு வரிசை முந்தினால் வலை கோணும், மீன் தப்பிவிடும். தண்ணீரின் நிறத்தைப் பார்த்து மீன் கூட்டத்தைச் சொல்லும் பெரியவர் கயிற்றைத் தொடவே மாட்டார். ஆனால் அவர் இல்லாமல் வலை எங்கே விழும்? "இவர்களில் யார் பெரிய ஆள்?" என்று கரமடிக்காரரிடம் கேட்டால் சிரிப்பார். பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கத்திலிருந்து வந்த வாசகர்கள் இதைத் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிப் பார்க்கலாம்.

புதிதாக வரும் பிள்ளை கேட்கும் முதல் கேள்வி, "எது ரொம்பப் பவர்ஃபுல்?" என்பது. அந்தக் கேள்விக்கு நிலையான பதில் கிடையாது. கம்பெனி அடிக்கடி கணக்குகளைத் திருத்திக்கொண்டே இருக்கும். இன்று ஓங்கி நிற்கும் வேடம் அடுத்த மாதம் இறங்கிவிடும். கேட்க வேண்டிய கேள்வி, "எந்தப் பொறுப்பை நான் சலிக்காமல் சுமப்பேன்?" என்பதே. முன்னே நின்று வழிகாட்டவும் தவறு நேர்ந்தால் பேச்சு கேட்கவும் தயாரென்றால் டாங்க். நாலு பேரின் நிலையை ஒரே நேரத்தில் கவனிக்கும் நிதானம் இருந்தால் வைத்தியர். தன் வேலையைத் திருத்தமாகச் செய்வதில் இன்பம் காண்பவருக்கு மந்திரவாதி, வேட்டைக்காரன் போன்ற அடிக்கும் வேடங்கள்.

பெரும்பாலோர் அடிக்கும் வேடத்தையே விரும்புவதால் மற்ற இரண்டுக்கும் ஆள் பஞ்சம். 2011இல் வார்கிராஃப்ட் கம்பெனி, பற்றாக்குறையான பொறுப்பை ஏற்று வருபவர்களுக்குத் தனியாகப் பரிசுப் பை கொடுக்க ஆரம்பித்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

தீர்மானிக்க முடியாதவர்களுக்கு ஒரு யோசனை. வார்கிராஃப்டில் டுரூயிட், பலடின், மங்க் ஆகிய வேடங்கள் மூன்று வேலைகளையும் கற்றுக்கொள்ளக் கூடியவை; அவற்றில் தொடங்கலாம். அங்கே பாத்திரத்தின் வேடத்தை நடுவில் மாற்ற முடியாது. வேறு வேடம் வேண்டுமென்றால் புதுப் பாத்திரம் தொடங்க வேண்டும். 2013இல் புதுப்பித்து வெளியிடப்பட்ட 'ஃபைனல் ஃபேன்டஸி 14' விளையாட்டிலோ, கையிலிருக்கும் ஆயுதத்தை மாற்றினால் ஒரே பாத்திரம் வேறு வேலைக்கு மாறிவிடும். இரண்டிலும் சந்தா கட்டாமல் ஓரளவு ஆடிப் பார்க்க வழி உண்டு. ஆகவே முதல் நாளே பணம் கட்ட அவசரப்பட வேண்டாம்.

1985இல் ரிச்சர்ட் கேரியட் வெளியிட்ட 'அல்டிமா 4' இன்னும் ஒருபடி மேலே போயிற்று. அதில் வேடங்களின் பட்டியலைக் காட்டி ஒன்றை எடுக்கச் சொல்வதில்லை. நேர்மையா, இரக்கமா, வீரமா, தியாகமா என்று தர்மசங்கடமான கேள்விகள் வரும். பதிலைப் பொறுத்து வேடம் அமையும். நேர்மை முதலிடம் பெற்றால் மந்திரவாதி, பணிவு பெற்றால் ஆடு மேய்ப்பவர். ஆடுபவர் எட்டு நற்குணங்களிலும் தேறி அடைய வேண்டிய பட்டத்தின் பெயர் 'அவதார்'. நம் அவதாரம்தான்!

வேடம் வெறும் விளையாட்டுதானே என்பவர்களுக்கு 2005 செப்டம்பரில் நடந்ததைச் சொல்ல வேண்டும். வார்கிராஃப்டில் ஹக்கார் என்ற அரக்கன் குகைக்குள் ஒரு தொற்றுநோயை ஏவுவான். குகையோடு நிற்க வேண்டிய அந்த நோய், வேட்டைக்காரர்களின் வளர்ப்பு விலங்குகள் வழியாக நகரங்களுக்குப் பரவிவிட்டது. வலுவில்லாத பாத்திரங்கள் செத்து விழுந்தன. சிலர் ஊரைவிட்டு ஓடினார்கள்; சிலர் வேண்டுமென்றே நோயைப் பரப்பினார்கள். வைத்திய வேடம் கட்டியிருந்தவர்களில் சிலர், யாரும் சொல்லாமலே நகரத்துக்குள் போய் முகம் தெரியாதவர்களுக்குச் சிகிச்சை செய்தார்கள். எரிக் லாஃப்கிரன், நினா ஃபெஃபர்மன் என்ற இரு ஆய்வாளர்கள் இதைப் பற்றி 2007இல் 'லான்செட்' குழும மருத்துவ இதழ் ஒன்றில் கட்டுரை எழுதினார்கள்.

வெளிநாட்டில் வளரும் நம் பிள்ளைகளுக்குப் பக்கத்து வீட்டுக் கூட்டாளிகள் குறைவு. தேர் இழுக்கவும் கரமடி இழுக்கவும் அவர்களுக்கு வாய்ப்பில்லை. பலர் சேர்ந்தால்தான் நடக்கும் காரியம் எது என்பதை அவர்களில் பலர் இந்தத் திரையில்தான் கற்கிறார்கள். எவ்வளவு நேரம் ஆடலாம் என்பதைப் பெற்றோர் கண்டிப்பாகத் தீர்மானிக்க வேண்டும். ஆனால் அதை ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே பேசிவிடுங்கள். வைத்தியர் பாதியில் எழுந்தால் மற்ற நால்வரும் கெடுவார்கள். 'எழும்ப முடியாது' என்ற பதிலில் அடம் மட்டுமல்ல, கொஞ்சம் கடமையும் இருக்கிறது.

டாக்டரா, இன்ஜினீயரா என்று நாமே முடிவு செய்யும் பழக்கத்தை இங்கேயும் காட்டாமல், "நீ என்ன வேடம்? ஏன் அதை எடுத்தாய்?" என்று ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பிள்ளை எந்தப் பொறுப்பைத் தானாக ஏற்கிறது என்பது அந்தப் பதிலில் தெரிந்துவிடும்.