பழைய எஞ்சினும் புதிய எண்ணெயும்

நமது சங்கத்தின் அம்பாஸடர் வண்டியை அறியாத அங்கத்தினர் இலர். நூல் சிப்பம் ஏற்றவும், விதை மூட்டை கொணரவும், நள்ளிரவில் பிரசவத்திற்கு ஒரு தாயை ஆஸ்பத்திரி சேர்க்கவும் அது ஓடியிருக்கிறது. 2014-ஆம் ஆண்டில் அவ்வகைக் கார்களின் உற்பத்தி நின்றுவிட்டமையால், உள்ளதைப் பேணுவதே நமக்கு வழி.

சென்ற ஆண்டு ஒரு பட்டறையார் கூறிய யோசனையை ஏற்று, அதுகாறும் ஊற்றி வந்த 20டபிள்யூ-50 கனிம எண்ணெயை வடித்துவிட்டு, 5டபிள்யூ-30 செயற்கை எண்ணெயை நிரப்பினோம். விலை உயர்ந்ததாயிற்றே, எஞ்சின் நீடித்து உழைக்கும் என்று நம்பினோம். ஒரு மாதத்திற்குள் கொட்டகைத் தரையெங்கும் கறை. அடுக்கி வைத்திருந்த சிப்பங்களுள் இரண்டு எண்ணெய் குடித்துவிட்டன. அந்நூலுக்காகக் காத்திருந்த நெசவாளர் ஒரு சொல்லும் சொல்லாது நின்றது இன்றும் நம்மை உறுத்துகிறது. நஷ்டத்தைச் சங்கமே ஏற்றது. வண்டி சூடேறி நிற்குங்கால் எண்ணெய் அழுத்த விளக்கும் மினுங்கலாயிற்று.

செயற்கை எண்ணெய் ரப்பர் சீல்களைக் கெடுத்துவிடும் என்பாருளர். தொடக்க காலத்து எண்ணெய்கள் சில சீல்களைச் சுருக்கியது உண்மையே. இன்றைய கலவைகளில் அக்குறை பெரிதும் நீக்கப்பட்டுவிட்டது. நமது பிழை வேறு. டபிள்யூவுக்கு முன்னுள்ள எண் குளிரில் எண்ணெய் ஓடும் தன்மையையும், பின்னுள்ளது 100 டிகிரி சென்டிகிரேட் வெப்பத்தில் அதன் தடிப்பையும் குறிக்கும். 50-க்குப் பதில் 30 ஊற்றினால், தேய்ந்த பேரிங்குகளின் அகன்ற இடைவெளி வழியே அது விரைந்து நழுவி, அழுத்தம் குறைகிறது. போதாக்குறைக்கு, 1489 சி.சி. எஞ்சினின் பழைய அமைப்பில் கிராங்க் தண்டின் பின்கோடியில் ரப்பர் சீல் இல்லை. எண்ணெயை உள்ளே திருப்பும் திருகுபுரிப் பள்ளமே உண்டு. மெல்லிய எண்ணெய்க்கு அது போதவில்லை. காஸ்கட் விரிசல்களை அடைத்திருந்த பழங்கசடையும் புது எண்ணெய் கழுவிவிட்டது. (கசடு ஒழுக்கைத் தடுத்து வந்ததென்பது வேடிக்கையே, ஆயினும் உண்மை.)

மற்றொன்றும் உண்டு. பழைய எஞ்சினில் காம் தண்டு தட்டையான டாப்பெட்டுகளின் மேல் உராய்ந்து சுழல்கிறது. அவ்விடத்தைக் காப்பவை எண்ணெயில் சேர்க்கப்படும் துத்தநாக, பாஸ்பரஸ் கூட்டுப்பொருள்கள். பாஸ்பரஸ் புதிய கார்களின் புகைச் சுத்திகரிப்புக் கருவியைப் பழுதாக்குவதால், 5டபிள்யூ-30 போன்ற எண்ணெய்களில் அதன் அளவைக் குறைத்துவிட்டனர். நம் வண்டியில் அக்கருவியே இல்லை!

ஆகவே காஸ்கட்டுகளை மாற்றி, பழைய 20டபிள்யூ-50-க்கே திரும்பினோம். விளக்கு மினுங்கவில்லை. செயற்கை எண்ணெயை நாம் வெறுத்து ஒதுக்கவில்லை. வெப்பத்தில் எளிதில் சிதையாத நற்பொருள் அது. கனிம எண்ணெயுடன் கலந்தாலும் கேடில்லை. ஒழுக்கற்ற எஞ்சினில், அதே தடிப்பில், முதன்முறை எண்ணெயையும் பில்டரையும் சற்று முன்னதாகவே மாற்றிவிட்டுத் தொடரலாம். குளிரில் சட்டெனக் கிளம்பும் அதன் சிறப்பு பனி நாட்டாருக்கே பெரிது. நம்மூர் வெயிலுக்கு அதற்கெனக் கூடுதல் பணம் தரத்தான் வேண்டுமா என்பதை நிர்வாகக் குழு ஆராய்ந்து வருகிறது.

நூல் சிப்பங்கள் இப்போது கொட்டகையின் மறுகோடியில், பலகை மேல் உள்ளன.