உங்களுக்குத் தெரியுமா? – ஈராக் எண்ணெயும் இரகசியக் கப்பமும்

1990இல் குவைத்தின்மீது படையெடுத்த ஈராக்குக்கு ஐக்கிய நாடுகள் சபை வர்த்தகத் தடை விதித்ததனால், உணவும் ஔஷதமும் போதாமல் அந்நாட்டுப் பிரஜைகள், சிறப்பாகக் குழந்தைகள், வாடி வதங்கிய நிலை கண்டு, எண்ணெய் விற்ற பணம் சதாம் உசேன் சர்க்காரின் கையை எட்டாமல் சபையின் கணக்கிலேயே சேர்ந்து மக்களின் ஜீவனத்துக்குப் பயன்பட வேண்டும் என்ற உன்னத நோக்கத்துடன் 1996இல் ‘எண்ணெய்க்கு உணவு’த் திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆயினும், 2000ஆம் ஆண்டு முதல், பீப்பாய் ஒன்றுக்கு இத்தனை சென்ட் என்று அச்சர்க்கார் இரகசியமாகக் கேட்ட கப்பத்தை, அது தடையை மீறிய செயல் என்று அறிந்தும் எண்ணெய் வாங்கிய பலர் செலுத்தினர்; சில பெரிய கம்பெனிகளோ, நேரே கொடாமல், இடைத்தரகரிடம் அந்த எண்ணெயை வாங்கின. இக்கப்பத்தாலும், இத்திட்டத்தின்கீழ் ஈராக்குக்குப் பண்டம் விற்றோர் கொடுத்த கையூட்டாலும் சுமார் 180 கோடி டாலர் சதாமின் சர்க்காருக்குச் சேர்ந்ததெனப் பால் வோல்க்கர் தலைமையிலான விசாரணைக் குழு 2005இல் வெளியிட்டது. தரகர் செய்ததற்கு நாம் பொறுப்பல்ல என்ற வாதம் தர்மத்தின் சந்நிதியில் நில்லாது; பசித்த குழந்தையின் பங்கு அக்கப்பத்தில் கரைந்தது. அத்தகைய எண்ணெயை வாங்கிய செவ்ரான் கம்பெனி, 2007இல் அமெரிக்க அதிகாரிகளுக்கு 3 கோடி டாலர் செலுத்த இசைந்து விவகாரத்தைத் தீர்த்துக்கொண்டது.