விதியும் அலுவலரின் விருப்புரிமையும்

விதியில் எழுதியுள்ளதை அப்படியே நிறைவேற்றுவதோடு நில்லாமல், எதிரில் நிற்பவரின் சூழ்நிலையையும் பார்த்து முடிவெடுக்க அரசு அலுவலருக்குச் சட்டம் விட்டுவைத்துள்ள இடம் விருப்புரிமை எனப்படும். இலங்கைத் தமிழில் இதைத் தற்றுணிபு என்பர். இந்த இடம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பது நிர்வாகச் சட்டத்தின் பழைய கேள்விகளுள் ஒன்று.

2024-ஆம் ஆண்டு நிகழ்வு ஒன்று இக்கேள்வியைத் தெளிவாகக் காட்டுகிறது. உத்தரப் பிரதேசத்தின் முசாபர்நகர் மாவட்டத்தைச் சேர்ந்த பட்டியல் சாதி மாணவர் ஒருவருக்குத் தன்பாத் ஐ.ஐ.டி.யில் மின்பொறியியல் இடம் கிடைத்தது. தந்தை தினக்கூலித் தொழிலாளி. இடத்தை உறுதிசெய்ய 17,500 ரூபாயை ஜூன் 24 மாலை 5 மணிக்குள் இணையவழியில் கட்ட வேண்டும். குடும்பத்தார் அலைந்து பணத்தைத் திரட்டி முடிக்கும்போது நேரம் நெருங்கிவிட்டது. கட்டணம் செலுத்தும் முன்பே இணையதளம் மூடிக்கொண்டது. இடம் போயிற்று.

இதில் யாரும் விதியை மீறவில்லை. காலக்கெடு எல்லோருக்கும் ஒன்றே. மாணவர் பல இடங்களில் முறையிட்டார். அவ்வாண்டுத் தேர்வை நடத்தியது சென்னை ஐ.ஐ.டி. என்பதால் சென்னை உயர் நீதிமன்றத்தையும் நாடினார். இறுதியில் செப்டம்பர் 30 அன்று, அரசமைப்புச் சட்டத்தின் 142-ஆம் பிரிவின்கீழ் உள்ள தனி அதிகாரத்தைப் பயன்படுத்தி, அவரைச் சேர்த்துக்கொள்ளுமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. சில நிமிடத் தாமதத்தைச் சரிசெய்ய மூன்று மாதங்களுக்கு மேல் ஆயிற்று. 2021 நவம்பரிலும் இதுபோல ஒன்று நடந்தது. தொழில்நுட்பக் கோளாறால் கட்டணம் போய்ச்சேராமல் மும்பை ஐ.ஐ.டி. இடத்தை இழந்த மாணவர் ஒருவருக்கு அதே 142-ஆம் பிரிவே கைகொடுத்தது.

கண்டிப்பு ஏன் வேண்டும்?

மேற்கண்ட கதையைப் படித்ததும் "அந்த அதிகாரிக்கு மனசாட்சி இல்லையா?" என்று கேட்கத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். விதியைக் கண்டிப்பாகப் பின்பற்றும் பழக்கம், எளியவரைக் காப்பதற்காகவும் வந்ததுதான். அலுவலர் தம் விருப்பு வெறுப்பை ஒதுக்கி, எழுதப்பட்ட விதிப்படி எல்லோரையும் ஒன்றுபோல் நடத்துவதே நவீன நிர்வாகத்தின் அடையாளம் என்றார் ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர். விதி இல்லாத இடத்தில் சிபாரிசும் சாதியும் கையூட்டும் உள்ளே வரும். தெரிந்தவருக்கு 5 மணிக்குப் பிறகும் கதவு திறக்கும், தெரியாதவருக்கு 4 மணிக்கே மூடிவிடும்.

இந்திய நீதிமன்றங்களும் இந்த அச்சத்தைத் தொடக்கத்திலேயே உணர்ந்தன. எந்த வழக்கையும் சிறப்பு நீதிமன்றத்துக்கு அனுப்பலாம் என்ற அளவுகோலற்ற அதிகாரத்தை மேற்கு வங்கச் சட்டம் ஒன்று அரசுக்கு அளித்திருந்தது. அந்த ஏற்பாடு 14-ஆம் பிரிவு கூறும் சமத்துவத்துக்கு முரணானது என 1952-இல் அன்வர் அலி சர்க்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழிகாட்டுதல் இல்லாத விருப்புரிமை, பாகுபாட்டுக்குத் திறந்த வாசல் என்பதே அதன் சாரம்.

ஆனால் விதியை மட்டும் வைத்துக்கொண்டு எந்த அலுவலகமும் ஓடுவதில்லை. தொழிற்சங்கங்கள் "விதிப்படி வேலை" என்று ஒரு போராட்டம் நடத்துவது மாணவர்களுக்குத் தெரிந்திருக்கலாம். வேலையை நிறுத்த மாட்டார்கள். எல்லா விதியையும் எழுத்துப் பிசகாமல் கடைப்பிடிப்பார்கள். அதனாலேயே வேலை தேங்கிவிடும்! அன்றாடம் காரியம் நடப்பதற்குக் கடைநிலையில் இருப்பவரின் பொது அறிவு எவ்வளவு தேவை என்பதை இதைவிட நன்றாக விளக்க முடியாது. காவலர், ஆசிரியர், சமூகநலப் பணியாளர் போன்றோர் நாள்தோறும் எடுக்கும் சிறு முடிவுகளே நடைமுறையில் அரசின் கொள்கையாகிவிடுகின்றன என்று அமெரிக்க அறிஞர் மைக்கேல் லிப்ஸ்கி 1980-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே என்று நம் ஊரில் அதற்கு முன்பே சொல்லிவைத்திருக்கிறார்கள்.

விதியின் நோக்கம்

எதைத் தளர்த்தலாம், எதைத் தளர்த்தக்கூடாது? 1980-இல் மருத்துவ மேற்படிப்புச் சேர்க்கை வழக்கு ஒன்றில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் பயனுள்ள ஒரு வேறுபாட்டைக் காட்டினார். பட்டயம் பெற்றிருப்பது வேறு, பட்டயம் பெற்றதற்கான சான்றைக் காட்டுவது வேறு. கடைசி நாளுக்குள் தகுதி இருந்தாக வேண்டும், அதில் சமரசம் இல்லை. ஆனால் தகுதி உண்மையாகவே இருந்து, சான்றிதழ் மட்டும் தேர்வு முடிவதற்குள் சற்றுப் பிந்தி வந்தால், அதற்காக ஒருவரைத் தள்ளிவிட வேண்டியதில்லை. பெயரின் முன்னெழுத்து ஓர் ஆவணத்தில் சுருக்கமாகவும் மற்றொன்றில் விரிவாகவும் இருப்பதால் அலைக்கழியும் நம் மக்களுக்கு இந்த வேறுபாடு உடனே புரியும். விதி கேட்பது ஆள் அவர்தானா என்பதை. எழுத்து அதை அறிவதற்கான ஒரு வழி.

காரணம் எழுதுதல்

நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில் காலை மணி அடித்ததும் வாயிற்கதவைச் சாத்திவிடுவோம். தொலைவில் ஒரு சிற்றூர். அங்கிருந்து வருவது ஒரே பேருந்து, அது பெரும்பாலும் 10 நிமிடம் தாமதம். முதலாண்டு அந்தப் பிள்ளைகளையும் வெளியே நிற்க வைத்தேன். விதி விதிதானே என்று நினைத்தேன். பிறகு உள்ளே விடத் தொடங்கினேன். உடனே உள்ளூர்ப் பையன் ஒருவன், "அவங்களுக்கு மட்டும் ஏன் சார்?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. அந்தப் பேருந்தில் வருவோருக்கு மட்டும் 15 நிமிட விலக்கு என்று காரணத்தோடு அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டிய பிறகே முணுமுணுப்பு அடங்கியது. நான் காட்டியது சலுகையா நியாயமா என்பதை அவன் அறிய அந்தத் தாள் வேண்டியிருந்தது.

சட்டமும் ஏறத்தாழ இதையே கேட்கிறது. நிர்வாக முடிவால் பாதிக்கப்படுவோருக்கு அதன் காரணத்தைத் தெரிவிக்க வேண்டும் என்று 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 4-ஆம் பிரிவில் கூறுகிறது. ஏழு ஆண்டுகள் வரை தண்டனைக்குரிய குற்றங்களில் காவல்துறை இயந்திரம்போலக் கைது செய்யக்கூடாது, கைது ஏன் தேவை என்பதைப் பதிவுசெய்ய வேண்டும் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் கூறியதும் இந்த வழியில்தான்.

கணினி வந்த பின்

இன்று நிலைமை வேறு வகையில் மாறியுள்ளது. "சிஸ்டம் ஏத்துக்க மாட்டேங்குது" என்ற சொல்லைக் கேட்காத அலுவலகம் இல்லை. முகப்பில் இருப்பவர் நல்லவராக இருந்தாலும் அவர் கையில் ஒன்றுமில்லை. விதியை மென்பொருளாக எழுதியவர்தான் முடிவெடுத்திருக்கிறார், அவரோ விண்ணப்பதாரரைப் பார்த்ததே இல்லை. இதனால் முகம் பார்த்துச் சலுகை காட்டுவது குறைந்தது என்பது உண்மை. இணையதளம் யாரிடமும் சாதி கேட்டுக் கதவைச் சாத்தவில்லை. அதேபோல், பணத்தோடு வாசலில் நிற்பவரிடம் "என்ன ஆயிற்று?" என்று கேட்கவும் அதற்குத் தெரியாது.

142-ஆம் பிரிவின் அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டுமே உண்டு. சேர்க்கை அலுவலருக்கோ உயர் நீதிமன்றத்துக்கோ அது கிடையாது. தன்பாத் வழக்கில் அந்த அதிகாரத்தைக் கொண்டு, ஏற்கெனவே சேர்ந்த எவருடைய இடத்தையும் பறிக்காமல், அம்மாணவருக்காகக் கூடுதலாக ஓர் இடம் உருவாக்கப்பட்டது.