மெக்கானிக் முன்னால் மட்டும் ஏன் சத்தம் வருவதில்லை?

அவிநாசி ரோடு முழுக்கக் கடகடத்து வந்த பழைய மாருதி 800, மெக்கானிக் முன்னால் நின்றதும் பரம சாதுவாகிவிடும். வேகம், சுமை, சூடு எல்லாம் சரியாகக் கூடிவந்தால்தான் சில சத்தங்கள் பிறக்கும்.

இந்த எஞ்சினுக்கு மூன்று சிலிண்டர். ஒவ்வொன்றிலும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை பெட்ரோல் எரிந்து உந்தும். நிமிடத்துக்கு 800 சுற்று என்றால் நொடிக்கு 20 உந்தல். 2,000 சுற்றில் 50. சைலன்சரையொட்டி லூசான தகடு ஒன்று இருந்தால், அதன் இயல்பான அதிர்வெண்ணும் உந்தலும் பொருந்தும்போது மட்டும் அலறும். ஆக்சிலேட்டரைக் கூட்டினால் அடங்கிவிடும். இதுதான் ஒத்ததிர்வு.

ஆழியாரிலிருந்து வால்பாறை ஏறும்போது, 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் முன்சக்கரம் 'டக் டக்' என்கிறதா? ஆக்சில் ஜாயின்டைப் பாருங்கள். ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் வெளியேறி, மண் புகுந்திருக்கும். வண்டி திரும்பும்போது உள்ளே எஃகுக் குண்டுகள் காடியில் முன்னும் பின்னும் நகரும். தேய்ந்த பள்ளத்தில் தட்டும். நேர் ரோட்டில் அந்த நகர்வு மிகக் குறைவு, அதனால் அமைதி.

வாட்டர் வாஷ் செய்ததும் நின்று, காய்ந்ததும் திரும்பும் 'கிறீச்' பெரும்பாலும் இறுகிப்போன ரப்பர் புஷ். ஒட்டி, வழுக்கி, மறுபடி ஒட்டுகிறது.

நீண்ட ஸ்குரூடிரைவரின் முனையை எஞ்சின் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார்கள் அனுபவசாலி மெக்கானிக்குகள். திடப்பொருளில் ஒலி நன்றாகக் கடக்கும். நல்ல முறைதான், ஃபேன் பெல்ட் பக்கம் மட்டும் வேண்டாம்.