பார்க்கப்படாதவை: தேடல் பொறிகளை மதிப்பிடுதல் குறித்துச் சில குறிப்புகள்

ஒரு தேடல் பொறி நன்றாகத் தேடுகிறது என்று யார் சொல்வது? எதை வைத்துச் சொல்வது? தொழில்நுட்பக்காரர்களின் விவகாரம் என்று நாம் ஒதுக்கிவிடுகிற கேள்வி இது. ஆனால் நம் துண்டறிக்கையும் சிறுபத்திரிகையும் நாளை ஒருவர் கைக்குக் கிடைக்குமா என்பதில் இதற்கும் பங்குண்டு.

அளக்கும் முறை எளிமையானது. ஆவணத் தொகுதி ஒன்று, கேள்விகள் சில, எந்த ஆவணம் எந்தக் கேள்விக்குப் பொருந்தும் என்ற மனிதத் தீர்ப்பு. மூன்றும் சேர்ந்தது சோதனைத் தொகுப்பு. 1960களில் இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டில் சிரில் கிளெவர்டன் குழு இதற்கு வடிவம் கொடுத்தது. அங்கிருந்து புழக்கத்துக்கு வந்த தொகுப்பில் 1,400 ஆவணங்கள், 225 கேள்விகள். ஒவ்வொன்றையும் ஒவ்வொன்றோடு வைத்துப் பார்த்தால் 3,15,000 தீர்ப்புகள். ஆவணங்கள் 10 லட்சம், கேள்விகள் 50 என்றால் 5 கோடி. தீர்ப்புக்கு அரை நிமிடம், நாளுக்கு 8 மணி, ஆண்டுக்கு 300 நாள் என்று கணக்கிட்டாலும் ஓர் ஆளுக்கு 170 ஆண்டுகளுக்கு மேல் வேலை. ஆக, உழைப்பைக் குறைத்தே ஆகவேண்டும். யாருடைய தீர்ப்பைக் குறைக்கிறோம் என்பதில்தான் அரசியல் இருக்கிறது.

நான் இருக்கும் ஓசூரில் இதை விளக்குவது சுலபம். சிப்காட் பட்டறைகளில் லாட்டிலிருந்து சில பீஸ்களை எடுத்து அளப்பார்கள். 'எல்லாத்தையும் அளந்துக்கிட்டிருந்தா லோடு எப்ப கெளம்பறது?' என்பது நியாயமான கேள்வி. ஆனால் எந்தப் பீஸை எடுப்பது என்பதை அதைச் செய்த எந்திரமே தீர்மானிக்க விடமாட்டார்கள். தேடல் மதிப்பீட்டில் கிட்டத்தட்ட அதுதான் நடக்கிறது.

1975இல் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸும் வான் ரிஸ்பெர்கனும் முன்வைத்த யோசனை 'திரட்டு'. 1992இல் அமெரிக்காவில் தொடங்கிய டிரெக் மதிப்பீடுகள் அதைப் பெரிய அளவில் நடைமுறைப்படுத்தின. போட்டியிடும் ஒவ்வொரு அமைப்பும் முதலில் வைக்கும் 100 ஆவணங்களை, வழக்கமாக, ஒன்றாகச் சேர்ப்பார்கள். அந்தத் திரட்டை மட்டும் மனிதர் படிப்பார். வெளியே இருப்பவை பொருந்தாதவை என்று கொள்ளப்படும். கவனியுங்கள்: பார்க்கப்படாதது, பொருந்தாதது ஆகிவிடுகிறது.

இந்த முறையை அப்படியே தள்ளிவிட முடியாது. மதிப்பீட்டாளர்கள் தமக்குள் வேறுபட்டாலும் அமைப்புகளின் தரவரிசை பெரிதாக மாறுவதில்லை என்று 1998இல் எல்லன் வூர்ஹீஸ் காட்டினார். ஆனால் 10 லட்சம் செய்திகள் கொண்ட அக்வெயின்ட் தொகுதியை ஆராய்ந்த கிறிஸ் பக்லியும் வூர்ஹீஸ் உள்ளிட்டோரும், திரட்டு கேள்வியின் தலைப்புச் சொற்களைக் கொண்ட ஆவணங்களின் பக்கமே சாய்ந்திருந்ததை 2007இல் எழுதினார்கள்.

நம்மூருக்கு வருவோம். 'ஓசூர் ஒப்பந்தத் தொழிலாளர்' என்பது கேள்வி. ஓசூர், ஒசூர், ஹோசூர் என்று பலவிதமாக எழுதுகிறோம். ஊருக்குள் நோட்டீஸ் போடுகிறவர் ஊர்ப்பெயரே எழுதாமல் 'சிப்காட் கான்ட்ராக்ட் லேபரை பர்மனென்ட் செய்' என்று முடித்துவிடலாம். தெலுங்கும் கன்னடமும் பேசும் எல்லை இது. அந்த மொழிகளில் அச்சான நோட்டீஸ் இன்னும் தூரத்தில் நிற்கும். எல்லா அமைப்புகளும் தலைப்புச் சொல்லையே பிடித்துத் தொங்கினால் இவை திரட்டுக்குள் நுழையாது. நாளை இவற்றைக் கண்டெடுக்கும் புதிய அமைப்புக்கும் மதிப்பெண் கிடைக்காது.

மனிதத் தீர்ப்பே இல்லாமல் தரவரிசை போடும் வழியை 2001இல் இயன் சொபோரோஃபும் சகாக்களும் சோதித்தார்கள். வரிசை ஓரளவு சரியாக வந்தது. ஆனால் மிகச் சிறந்த அமைப்புகள் கீழே தள்ளப்பட்டன. இம்முறை ஓர் அமைப்பு மற்றவற்றோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதையே அளக்கிறது என்று 2003இல் அஸ்லாமும் சாவெல்லும் காட்டினார்கள். பெரும்பான்மையின் கொடுங்கோன்மை என்று நாம் அரசியலில் பேசுவது அங்கே கணக்காக நிரூபணமானது. இன்று பெரும் மொழி மாதிரிகளே நீதிபதியாக அமர்த்தப்படுகின்றன. தேடுவதும் தீர்ப்பளிப்பதும் ஒரே வகை எந்திரம் என்றால், அது ஒத்துக்கொள்ளாததை யார் கண்டுபிடிப்பது?

சரி, அப்போ என்னதான் செய்யறது? இரண்டு வழிகள் தெரிகின்றன. ஒன்று, மாதிரி எடுத்தல். வங்காளச் சணல் வயல்களை மாதிரி எடுத்து அளந்தவர் மகலனோபிஸ். அவர் 1931இல் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனம்தான் 2008இல் இந்திய மொழித் தேடலுக்கான 'ஃபயர்' மதிப்பீட்டை முன்னின்று தொடங்கியது. திரட்டு முழுவதையும் படிக்காமல், அதிலிருந்து குலுக்கி எடுத்தவற்றை வைத்தே மதிப்பெண்ணைக் கணிக்கலாம் என்று 2006இல் யில்மாஸும் அஸ்லாமும் காட்டினார்கள். இன்னொன்று, 1998இல் கார்மாக், பால்மர், கிளார்க் சோதித்தது: மனிதரே சொற்களை மாற்றிமாற்றித் தேடி, கிடைப்பதை உடனுக்குடன் மதிப்பிடுவது. குறைந்த உழைப்பில் நம்பகமான தொகுப்பு கிடைத்தது.

இரண்டையும் இணைக்கச் சொல்கிறேன். முதல் வழியில் மிச்சமாகும் மணிகளை இரண்டாவதில் செலவிட வேண்டும். அதில் உட்காருகிறவர் அந்த ஊர்ப் பேச்சு தெரிந்தவராக இருக்கவேண்டும். அம்பது கேள்விகளை நாமே எழுதலாம்: ஒப்பந்தக் கூலி, பஸ் வசதி, நிலம் கையகப்படுத்தல். தொழிற்சங்க நோட்டீஸ்களையும் சிறுபத்திரிகைகளையும் அந்தத் தொகுதிக்குள் நாம் வைக்காவிட்டால் வேறு யாரும் வைக்கப்போவதில்லை.